மூன் ரோஸ் எந்தச் செடியில் பூக்கிறது?

மூன் ரோஸ் என்பது இமயமலையில் பௌர்ணமிக்கு மட்டும் பூக்கும் ஒரு வெள்ளைப் பூ என்று அந்தக் கடையில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் நம்பினார்கள். சுவரில் அந்தப் பூவை வரைந்திருந்தார்கள். பனியனில் அச்சடித்து விற்பனைக்குத் தொங்கவிட்டிருந்தார்கள். மூன் ரோஸ் டீ என்று ஒன்றும் இருந்தது. கோபி அதில் ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தான்.

"வெந்நீர்ல சோப்பு போட்டிருக்காங்க மேடம்."

"மூடிக்கிட்டுக் குடிங்க. இங்க உக்கார்றதுக்கு அதான் வாடகை" என்றாள் சந்திரகலா.

திருவண்ணாமலையில் காணாமல் போன கணவர்களையும் களவு போன வண்டிகளையும் தேடித் தருவதற்கென்று இருக்கும் ஒரே துப்பறியும் நிலையம் சந்திரகலாவுடையது. அதற்கு முன் சென்னையில் ஒரு கம்பெனியில், வெளிநாட்டுப் பேராசிரியர்களின் ஆங்கிலப் புத்தகங்களில் பிழை திருத்திக்கொண்டிருந்தாள். அவர்கள் தவறாக வைத்த காற்புள்ளிகளை இடம் மாற்றி மாற்றி அலுத்துப்போய், மனிதர்கள் செய்யும் தவறுகளைக் கவனிக்கலாம் என்று சொந்த ஊருக்கு வந்துவிட்டாள். கோபி மருந்துக் கம்பெனியில் விற்பனைப் பிரதிநிதியாக இருந்தவன். வேலை போன பிறகும் வாய் போகவில்லை.

அவர்களுக்கு நடுவில் மதிவதனி உட்கார்ந்திருந்தாள். அடி அண்ணாமலையைச் சேர்ந்த பெண். வேங்கிக்கால் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் பி.ஏ. ஆங்கிலம் கடைசி வருடம். அவள் டீயைத் தொடவில்லை. மேடையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேடையில் கிதாரை மடியில் வைத்துக்கொண்டு சக்கரபாணி பாடிக்கொண்டிருந்தார். சொந்த ஊர் மான்செஸ்டர். மலையைப் பார்க்க வந்து, இங்கேயே தங்கி, பழைய பெயரை உதறிவிட்டுச் சக்கரபாணி ஆனவர்.

"அண்ணாமலையார் ஊருக்கு வந்து பெருமாள் பேரை வெச்சிருக்காரு. எவனோ நல்லா வெளையாடிட்டான்" என்றான் கோபி.

சக்கரபாணி கண்களை மூடிக்கொண்டு பல்லவிக்குத் திரும்பினார்.

நோ சூனர் டிட் த மூன் ரோஸ்
தேன் தேர் ஃபீட் பிகேன் டு வாக்,
பட்டர்மில்க் வாஸ் சோல்ட் பை மதர்,
ஸ்லீப் வாஸ் சோல்ட் பை மீ.

கடை முழுவதும் சேர்ந்து பாடியது. முன்வரிசையில் ஒரு ஜெர்மன்காரப் பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இந்தப் பாட்டு தை மாதம் இணையத்தில் வந்து, ஒரே வாரத்தில் உலகம் சுற்றிவிட்டது. ஆட்டோக்காரர்கள்கூட ரிங்டோனாக வைத்திருக்கிறார்கள்.

மதிவதனியின் வழக்கு இதுதான். கார்த்திகையில், கல்லூரியில் கவிதை எழுதச் சொன்னார்கள். அவள் கிரிவலத்தைப் பற்றி எழுதிக் கொடுத்தாள். பாட்டு பிரபலமானதும் வகுப்பில் எழுந்து, இது என் கவிதை மாதிரி இருக்கிறது சார் என்று துறைத்தலைவர் சகாதேவனிடம் சொன்னாள். அவர் சிரித்தார். உன் தாள் தொலைந்துவிட்டது, ஞாபகத்திலிருந்து மறுபடி எழுதிக் கொடு என்றார். அவளும் எழுதிக் கொடுத்தாள். மறுவாரமே, பிரபலமான பாட்டைத் திருடிக் கவிதையாகக் கொடுத்ததாக அவள் மீது விசாரணைக் கமிட்டி போட்டார்கள். கமிட்டி இன்று பிற்பகல் கூடுகிறது. குற்றம் என்று முடிவானால் இந்த வருடப் பரீட்சை எழுத முடியாது. அப்பா கருப்பன் ஏற்கெனவே ஆரணியில் ஒரு மாப்பிள்ளையைப் பார்த்து வைத்திருந்தார். பரீட்சை இல்லையென்றால் கல்யாணம்தான்.

"அப்பா வரலையா?" என்று கேட்டாள் சந்திரகலா.

"வாத்தியாரே சொல்றாருன்னா நீ எங்கியோ தப்பு பண்ணியிருப்பன்றாரு மேடம். அவருக்கு எதிர்ல நின்னு பேச எனக்கு வாய் வராது, கார்டியன்னு சொல்லி அந்தத் துப்பறியற அம்மாவையே கூட்டிட்டுப் போன்னுட்டாரு."

"சரி. நீ எழுதினதைச் சொல்லு."

மதிவதனி மேடையிலிருந்து கண்ணை எடுக்காமல் மெல்லச் சொன்னாள். "ஆஸ் சூன் ஆஸ் த மூன் ரோஸ், தேர் ஃபீட் பிகேன் டு வாக். மதர் சோல்ட் பட்டர்மில்க், ஐ சோல்ட் மை ஸ்லீப்."

நிலா எழுந்ததும் அவர்கள் நடக்கத் தொடங்கினார்கள். அம்மா மோர் விற்றாள், நான் தூக்கத்தை விற்றேன்.

"கிரிவலப் பாதையில எங்களுக்கு மோர்க் கடை மேடம். பௌர்ணமின்னா விடிய விடிய வியாபாரம். ஊர் ஒலகமே வந்து மலையைச் சுத்திட்டுப் போவும். நான் பொறந்ததுலேருந்து அங்கதான் இருக்கேன், ஒரு பௌர்ணமிக்குக்கூட சுத்தினது கெடையாது. கடையை யார் பாத்துக்கறது. அதைத்தான் எழுதினேன்."

கோபி மேடையிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தான்.

சந்திரகலா கோப்பையின் விளிம்பை விரலால் தட்டினாள். "கோபி, ப்ளஸ் டூ இங்கிலீஷ்ல உங்களுக்கு எவ்ளோ?"

"பாஸ் மேடம். அதுக்கு மேல கேக்காதீங்க."

"ஆஸ் சூன் ஆஸ்னு ஒரு வாக்கியம் குடுப்பாங்க. என்னவா மாத்தச் சொல்வாங்க?"

"நோ சூனர் தேன். ரெண்டு மார்க்."

"மதர் சோல்ட் பட்டர்மில்க். செய்வினை. அதை?"

"பாஸிவ் வாய்ஸா மாத்துக. பட்டர்மில்க் வாஸ் சோல்ட் பை..." கோபியின் வாய் பாதியில் நின்றது. மேடையைப் பார்த்தான். "அடப்பாவி. இது பாட்டு இல்ல மேடம். வினாத்தாள்."

"இந்த உலகத்துல இங்கிலீஷ் பேசறவன் எவனும், பாடறப்போ இப்படிப் பாட மாட்டான். இவ எழுதினது உயிரோட இருந்துச்சு. யாரோ கிராமர் வாத்தியார் அதை மேசை மேல படுக்க வெச்சு அறுத்திருக்காரு. முக்கியமா இதைக் கேளுங்க. இவ வரியில ரோஸ் சரி, நிலா எழுந்துச்சு. முன்னாடி டிட் போட்டுட்டா அப்புறம் ரைஸ்தான் வரணும். அறுத்த ஆளு தலையை மட்டும் மாத்திட்டு, ரோஸை அப்படியே விட்டுட்டாரு. இறந்தகாலம் ரெண்டு தடவை வந்துடுச்சு. எழுந்துச்சுச்சுன்னு சொல்ற மாதிரி."

"அப்போ இந்த டீ, இந்தப் பனியன், அந்தச் செவுத்துல இருக்கற பூ..."

"எல்லாம் ஒரு இலக்கணப் பிழை."

கோபி கோப்பையை மரியாதையோடு பார்த்தான். "பிழையைக் காய்ச்சி வடிகட்டிக் குடிக்கிறாங்க. அதான் சோப்பு வாசனை."

பாட்டு முடிந்தது. கைதட்டல் அடங்கியதும் சந்திரகலா மேடைக்குப் போனாள். சக்கரபாணி கை கூப்பினார்.

"வணக்கம். நான் இருக்கிறேன் ரொம்ப சந்தோஷம் உங்களைப் பார்க்க" என்றார்.

பக்கத்து மேசையில் இருந்த உள்ளூர்க்காரர் ஒருவர் நெகிழ்ந்துபோனார். "எவ்ளோ அழகா தமிழ் பேசறாரு பாருங்க."

"இவருக்கு யாரும் கமிட்டி போட மாட்டாங்க" என்று மதிவதனியின் காதில் சொன்னான் கோபி.

"பாட்டு ரொம்ப நல்லாருக்கு சார். நீங்களே எழுதினதா?" என்றாள் சந்திரகலா.

"மலை கொடுத்தது. நான் வெறும் ஒரு குழாய்."

"உங்க அம்மா மான்செஸ்டர்ல மோர் வித்தாங்களா?"

சக்கரபாணி ஒரு கணம் தடுமாறினார். "அது பிரபஞ்சத் தாய்."

"பிரபஞ்சத் தாய் மோர் விக்கட்டும், பரவாயில்ல. நோ சூனர் டிட் த மூன் ரோஸ்னு நீங்க எப்படிப் பாடினீங்க? உங்க தாய்மொழி சார் அது. உங்க ஊர்ல அஞ்சு வயசுப் பிள்ளைகூட அப்படிச் சொல்லாதே."

அவர் முகம் சிவந்தது. இதை யாராவது கேட்கமாட்டார்களா என்று ரொம்ப நாளாகக் காத்திருந்தவர்போல் இருந்தார். "நான் கேட்டேன் அவரை. நான் சொன்னேன், இது ஒலிக்கிறது விநோதமாக. அவர் சொன்னார் இது சரி. அவர் சொன்னார், நீங்கள் வெள்ளைக்காரர்கள் மறந்துவிட்டீர்கள் உங்கள் இலக்கணத்தை, நாங்கள்தான் காப்பாற்றுகிறோம்."

"அவர்னா யாரு?"

சக்கரபாணி உதட்டைக் கடித்துக்கொண்டார். "மலை."

"மலைக்கு இவ்ளோ வாய் கெடையாது சார்" என்றான் கோபி.

சக்கரபாணி, பெயரைச் சொல்வதில்லை என்று அந்த மனிதருக்கு வாக்குக் கொடுத்திருப்பதாக மட்டும், தலை குனிந்து ஆங்கிலத்தில் சொன்னார். மதிவதனியை அப்போதுதான் பார்த்தார். அவர் கிதாரை எடுத்துக்கொண்டு அவசரமாக உள்ளே போனார்.

வேங்கிக்காலுக்குப் போகும் வழியில், காரை ஓட்டிக்கொண்டே கோபி கேட்டான். "சகாதேவன்தான். சந்தேகமே இல்ல. ஆனா எப்படி நிரூபிக்கறது? வெள்ளைக்காரர் வாயைத் தெறக்க மாட்டாரு. மொதத் தாளு தொலைஞ்சு போச்சு."

"அந்தப் பிழைதான் சாட்சி. அவரையே கமிட்டி முன்னாடி அதைச் செய்ய வைக்கணும்."

மதிவதனி பின்சீட்டிலிருந்து கேட்டாள். "மேடம், நான் எழுதினது சரிதான? கிளாஸ்ல அவர் அவ்ளோ சிரிச்சப்புறம், எனக்கே சந்தேகமாயிடுச்சு. இப்பல்லாம் வாயைத் தெறந்தாலே தப்பா வருமோன்னு இருக்கு."

"சரிதான்" என்றாள் சந்திரகலா. திரும்பிப் பார்த்துச் சொன்னாள். "நான் பன்னெண்டு வருஷம் காசு வாங்கிக்கிட்டுத் தப்பு கண்டுபிடிச்சவ. உன் வரியில கை வெக்க எனக்கு எடமே இல்ல."

கல்லூரி முதல்வரின் அறையில் நீள மேசை. நடுவில் முதல்வர். ஒருபக்கம் வணிகவியல் பேராசிரியர், மறுபக்கம் இயற்பியல் பேராசிரியர். ஓரத்தில், மற்ற மூவரின் நாற்காலிகளைவிட உயரமான நாற்காலியில், முனைவர் சகாதேவன். மாவட்டத்தில் பாதிப் பேர் அவருடைய இலக்கண வழிகாட்டியைப் படித்துத்தான் தேறினார்கள். செய்வினையில் பேசுவது திமிர், செயப்பாட்டுவினையில் பேசுவதே மரியாதை என்பது அவர் கொள்கை. அவர் மாணவர்கள் விடுப்புக் கடிதத்தில், காய்ச்சல் என்னால் அடையப்பட்டது என்று ஆங்கிலத்தில் எழுதுவார்கள்.

"இந்தப் பொண்ணு அந்த வரிகளைத் திருடிக் குடுத்திருக்கு. மறுபேச்சே கெடையாது" என்றார் சகாதேவன். "நீயே சொல்லும்மா. திருடினியா இல்லியா? இங்கிலீஷ்ல சொல்லு. இங்கிலீஷ் லிட்ரேச்சர் படிக்கிற பொண்ணுதான நீ."

மதிவதனி எழுந்து நின்றாள்.

"ஐ டிட் நாட் காப்பி, சார்."

"காப்பீட்" என்றார் சகாதேவன். "டிட் நாட் காப்பீட். நடந்து முடிஞ்ச விஷயம். இதுவே தெரியல, கவிதை எழுத வந்துட்டா."

இயற்பியல் சிரித்தது. மதிவதனி உட்கார்ந்துவிட்டாள். சந்திரகலா கோபியைப் பார்த்தாள். கோபி, லட்டு கிடைத்தவன்போல் இருந்தான்.

"சார், எனக்கு ஒரு சின்ன சந்தேகம்" என்று எழுந்தாள் சந்திரகலா. "ஆஸ் சூன் ஆஸ் த மூன் ரோஸ். இதை நோ சூனர் போட்டு மாத்தினா எப்படி வரும்?"

சகாதேவனுக்கு இதைவிட இனிமையான கேள்வி இருக்க முடியாது. தானே எழுந்துபோய் வெள்ளைப் பலகையில், கொட்டை எழுத்தில் எழுதினார். நோ சூனர் டிட் த மூன் ரோஸ். கடைசி எழுத்துக்குக் கீழே ஒரு கோடும் இழுத்தார்.

"நன்றி சார். இப்போ எல்லாரும் பாருங்க. டிட் வந்த பிறகு ரைஸ்தான் வரணும். ரோஸ் தப்பு. பாட்டுலயும் இதே எடத்துல, இதே தப்பு. இந்தப் பொண்ணு தப்பு பண்ணல, இப்பக்கூட டிட் நாட் காப்பின்னு சரியாத்தான் சொன்னா. பாடினவர் பண்ணல, அது அவர் தாய்மொழி. இவ கவிதையை எடுத்து, இப்படி மாத்திக் குடுத்த கை எதுன்னு பலகையிலயே இருக்கு."

முதல்வர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பலகையைப் பார்த்தார். வணிகவியலைப் பார்த்தார். மறுபடி பலகையைப் பார்த்தார்.

"இதுல என்னம்மா தப்பு?" என்றார்.

சந்திரகலாவுக்கு ஒரு நொடி புரியவில்லை.

"பாஸ்ட்ல நடந்ததைப் பாஸ்ட்லதான எழுதணும்" என்றது வணிகவியல்.

"நான் பன்னெண்டாவதுல இப்படித்தான் எழுதினேன். ஃபுல் மார்க்" என்றது இயற்பியல். "சார் கைடுல அப்படித்தான் இருக்கும்."

வாக்கெடுப்பு நடந்து, நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் இலக்கணம் தோற்றது. சகாதேவன் பேனாவை மூடி, புன்னகையோடு உட்கார்ந்தார்.

"அப்படியே தப்புன்னு வெச்சுக்கிட்டாலும், ஜில்லாவுல ஜாஸ்தி பேர் இப்படித்தாம்மா எழுதறாங்க. பாட்டு எழுதின எவனோ ஒருத்தனும் எழுதியிருக்கான். இதை வெச்சு ஒரு பெரிய மனுஷன் மேல பழி போடுவீங்களா?" என்றார் முதல்வர்.

கோபி குனிந்து முணுமுணுத்தான். "மேடம், ஊருக்கே ஒரே கைரேகை. என்ன பண்றது?"

மதிவதனி மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கை சந்திரகலாவின் புடவைத் தலைப்பைப் பிடித்திருந்தது, அது அவளுக்கே தெரியவில்லை. சந்திரகலா அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு பலகைக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, குரலைத் தளர்த்தினாள்.

"மன்னிக்கணும் சார். நீங்க சொல்றதுதான் சரி. சார் மேல சந்தேகப்பட்டிருக்கவே கூடாது. ஏன்னா அந்தப் பாட்டை எழுதினது படிச்சவங்க யாருமே இல்ல. சக்கரபாணியே சொல்லிச் சிரிச்சாரு. லோக்கல்ல எவனோ ஒரு அரைகுறை எழுதிக் குடுத்தான், இங்கிலாந்துல என் ஃப்ரெண்டுங்கல்லாம் விழுந்து விழுந்து சிரிக்கிறாங்கன்னாரு."

கோபி அவளை ஓரக்கண்ணால் பார்த்தான். சக்கரபாணி அப்படி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சகாதேவனின் புன்னகை கொஞ்சம் கம்மியானது. "சிரிக்கிறாங்களா? யாரு?"

"எல்லாரும் சார். அதுலயும் அந்த மோர் வரி இருக்கே, பட்டர்மில்க் வாஸ் சோல்ட் பை மதர். அங்க அதைக் குழந்தைங்களுக்கு ஜோக்கா சொல்றாங்களாம்."

"அந்தாளுக்கு என்ன தெரியும்?"

"ரசனையே இல்லாத ஆளு எழுதினதுன்றாரு."

"பாடத் தெரியுமே தவிர அவனுக்கு ஒரு வாக்கியம் எழுத வராது" என்று சகாதேவன் எழுந்தார். கழுத்து நரம்பு புடைத்தது. "ரசனையைப் பத்தி அவன் பேசறானா? மதர் சோல்ட் பட்டர்மில்க். இதுல என்ன இருக்கு? சந்தைக் கணக்கு. அவ எழுதினது அவ்வளவுதான். அதை பாஸிவ்ல தூக்கி நிறுத்தி, ஒரு கம்பீரம் குடுத்தது யாரு? நான் மட்டும் திருத்திக் குடுக்கலன்னா..."

அங்கே நிறுத்தினார்.

இயற்பியல் தன் நாற்காலியை அவரிடமிருந்து சற்றே நகர்த்திக்கொண்டது.

"எவ எழுதினது சார்?" என்று கேட்டாள் சந்திரகலா.

சகாதேவன் பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார். முதல்வர்தான் மெல்லக் கேட்டார். "பாட்டு வர்றதுக்கு முன்னாடியே இந்தப் பொண்ணு எழுதினதை நீங்க திருத்தியிருந்தா, அவ எங்கேருந்து சார் திருடியிருப்பா?"

அதற்குப் பிறகு எல்லாம் வரிசையாக வந்தது. சக்கரபாணி ஒரு நாள் கல்லூரி விழாவில் பாட வந்தார். நல்ல வரிகள் கிடைக்கவில்லை என்றார். சகாதேவனின் மேசையில் அவர் திருத்தி முடித்த மதிவதனியின் தாள் இருந்தது, எடுத்துக் கொடுத்தார். இங்கிலாந்தில் ஒரு கருத்தரங்குக்கு அழைப்பு வாங்கித் தருவதாக சக்கரபாணி சொன்னார். ஒரு மோர்க்கடைப் பெண்ணின் பெயரை அங்கே சொல்லி என்ன ஆகப்போகிறது என்று சகாதேவன் நினைத்தார். அவள் வகுப்பில் எழுந்து நிற்பாள் என்று மட்டும் அவர் நினைக்கவில்லை.

"நான் அவளுக்கு நல்லதுதான் பண்ணேன். அவ வரி லண்டன் வரைக்கும் போச்சில்ல" என்றார். யாரும் தலையாட்டவில்லை.

முதல்வர் தொண்டையைச் செருமினார். இப்போது அவர் முகத்தில் இருந்தது நீதி அல்ல, கவலை. பத்திரிகைக்காரர்கள், அடுத்த வருட அட்மிஷன், நிர்வாகம் எல்லாம் அவர் கண்முன் வந்துபோயின. கமிட்டியைக் கலைத்தார். மதிவதனி பரீட்சை எழுதலாம் என்றார். பிறகு குரலில் தேன் தடவிக்கொண்டார்.

"பாரும்மா மதிவதனி, இது நம்ம குடும்பம் மாதிரி. வெளிய போய்ப் பேசினா காலேஜுக்குத்தான் கெட்ட பேரு. சாருக்கும் வயசாயிடுச்சு. எனக்கு யார் மேலயும் புகார் இல்லன்னு இங்கிலீஷ்ல ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டுப் போயிடு. என்ன?"

ஒரு வெள்ளைத்தாளையும் பேனாவையும் அவள் முன் நகர்த்தினார்.

மதிவதனி சந்திரகலாவைப் பார்த்தாள்.

அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு, மேசைக்கு நெருக்கமாக உட்கார்ந்தாள். தாளை நேராக்கினாள். பேனாவின் மூடியைக் கழற்றிச் சகாதேவனைப் பார்த்தாள்.

"எழுதறேன் சார். ஆனா புகார் இல்லன்னு இல்ல, இருக்குன்னு எழுதறேன். தமிழ்லயே எழுதிக் குடுத்துடறேன்" என்றாள். "நீங்க திருத்த முடியாது பாருங்க."